நான்கு அங்குலத்துக்கு அரை நூல் குறைவு

ரும்பி சந்தையில்
கருவாட்டு வரிசை முடிந்து
பழந்துணி மூட்டைகள் தொடங்கும் இடத்தில்
என் கால்மிதி இயந்திரம்.
பள்ளிச் சீருடை, பாடகர் குழு அங்கி,
சவப்பெட்டிக்கு உள்துணி,
எது கேட்டாலும் தைப்பேன்.
கருப்பை மட்டும் தைத்ததில்லை,
போன மார்ச் வரை.

லோனஸ் கும்வெண்டா,
செவிலியர் கல்லூரி, இரண்டாம் ஆண்டு.
காகிதத்தை விரித்து அதன்மேல்
என் கத்தரிக்கோலைப் பாரமாக வைத்தாள்.
"அறுபத்து நாலு பேர். பொம்மை ஒன்று.
அதற்கும் இடுப்பில் விரிசல்.
என் முறை வருவதற்குள்
மணியடித்துவிடுகிறது."

கருப்பைக்கும் கழுத்து உண்டு என்றாள்.
கழுத்து வெட்டத் தெரியாதவன் தையல்காரனா?
வட்டக் கழுத்து, சதுரக் கழுத்து, படகுக் கழுத்து...
"இது திறக்கிற கழுத்து.
பத்து சென்டிமீட்டர் வரை.
அதற்கு முன்னால் முக்கச் சொல்லக்கூடாது."
என் நாடா அங்குல நாடா.
திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னேன்:
நாலுக்கு அரை நூல் குறைவு.
எழுதிக்கொண்டாள்.

வெளியே ரோஜா நிற ஃபிளானல்,
உள்ளே மெதடிஸ்ட் அங்கியில் மிஞ்சிய சிவப்பு சாட்டின்,
வாயில் சுருக்குக் கயிறு.
கொடிக்கு மூன்று இழை:
மெலிந்தவை இரண்டு, தடித்தது ஒன்று.
நஞ்சு ஒரு வட்ட மெத்தை.
அதில் ஒரு துண்டை மட்டும்
பிரஸ் பட்டன் வைத்துக் கழற்றும்படி தைக்கச் சொன்னாள்.
ஏன் என்றேன்.
"அது உள்ளே தங்கிவிட்டால்
ரத்தம் நிற்காது.
இல்லாததைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும்."

ஊசியை வைத்துவிட்டேன்.
எங்கள் மூன்றாவது பிள்ளையின் இரவு.
நான்கு கட்டில், ஒரு செவிலி.
அவள் ஓடினாள், நிஜமாகவே ஓடினாள்,
ஒரு கால் செருப்போடு.
என் மனைவிக்கு நின்றது.
பக்கத்துக் கட்டிலுக்கு நிற்கவில்லை.
யார் தவறு என்று
அங்கே யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அந்த ஒற்றைச் செருப்பைத்தான்
காட்டியிருப்பேன்.

எனக்குத் தெரிந்த கணக்கு சீருடைக் கணக்கு.
எட்டு வருடத்தில் முந்நூற்றுப் பத்து தைத்திருக்கிறேன்.
ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு
மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து எண்ணினேன்.
பதினொன்று.
என் ஓரத் தையல் எனக்குத் தெரியாதா!
சில, லீட்ஸ் நகரத்தில்
கம்பளிக் கோட்டுக்குள் இருக்கின்றனவாம்.
போகட்டும், குளிர் ஊரிலும் நோயாளிகள் உண்டு.
ஆனால் ஒன்று விளங்கவில்லை:
இதே சந்தையில், ஏழு கடை தள்ளி,
தக்காளி அடுக்கும் டிவேன்ஜி,
நான் தைத்த வெள்ளையைத்தான்
பட்டம் வாங்கும்போது போட்டிருந்தாள்.
சம்பளத்துக்குப் பணம் இல்லையாம்,
நியமன ஆணை வரவில்லையாம்.
வார்டில் ஆள் இல்லை. ஆளுக்கு வார்டு இல்லை.
நடுவில் நாற்பது தக்காளி, மூன்று சிறு குவியலாக.
போன வாரம் சீருடையைக் கொண்டுவந்தாள்,
இடுப்பைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி.
"நாளைக்கே ஆணை வந்துவிட்டால்?"
கூலி வாங்கவில்லை.
தக்காளி வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டும் கொடுத்தாயிற்று.
கல்லூரிப் பணம் பாதிதான் வந்தது,
மீதி அக்டோபரில் என்கிறார்கள்,
எந்த அக்டோபர் என்று சொல்லவில்லை.
நேற்று லோனஸ் வந்தாள்.
சுருக்குக் கயிறு அறுந்து,
கழுத்தோரம் நைந்து,
சாட்டின் வியர்வையில் கறுத்து ஒன்று.
இவ்வளவு சந்தோஷமாக
ஒரு கிழிசலை நான் தைத்ததில்லை.

இரட்டைத் தையல் போடும்போது
மின்சாரம் போனது.
அவள் கைபேசி விளக்கைப் பிடித்தாள்.
தைத்து முடித்ததும், சும்மா ஒரு எண்ணம்,
அவள் திரும்பிய நேரத்தில்
பட்டன் துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு
மெத்தையை நீட்டினேன்.

பைக்குள் வைக்கப்போனவள் நின்றாள்.
மேசையில் விரித்தாள்.
விரல் நுனியால் ஓரத்தைச் சுற்றி வந்தாள்,
மெதுவாக, ஒரு சுற்று,
மறுபடி ஒரு சுற்று.

"ஒன்று குறைகிறது" என்றாள்.